தூக்கிய கல்லுக்குள் எதுவும் ஏறவில்லை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் இயற்பியல் படித்தவன் அல்ல, கணக்குத் தணிக்கை என் தொழில். மகளுக்குப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்து இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டேன். உயரத்தில் இருக்கும் கல்லில் நிலையாற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது என்கிறது புத்தகம். அந்தக் கல்லை உடைத்தே பார்த்தாலும் தரையில் கிடக்கும் கல்லிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாதே, ஆற்றல் எங்கே இருக்கிறது? அழியாது என்ற விதியைக் காப்பாற்ற எழுதிக்கொண்ட ஒப்புக்கணக்கா? இன்னொன்று, ஆற்றல் அழியவே அழியாது என்றால் அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

க.

அன்புள்ள க.,

கல்லுக்குள் தேடினால் கிடைக்காது. அது கல்லுக்கு மட்டும் உரியதல்ல. கல்லும் பூமியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அவற்றை விலக்கி வைக்க உங்கள் கை செய்த வேலை இரண்டுக்கும் பொதுவான கணக்கில் வரவாகிறது. இழுக்க எதுவுமே இல்லாத வெளியில் அந்தக் கல்லின் நிலையாற்றலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பேச்சு வசதிக்காகப் புத்தகங்கள் பூமியை விட்டுவிடுகின்றன. குழப்பம் தொடங்குவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாலும் ஒற்றை விடை கிடையாது. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர மேசையில் ஒரு கிலோ கல் இருக்கிறது. தரையைச் சுழியாக வைத்தால் அதன் நிலையாற்றல் 9.8 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). அருகில் 10 மீட்டர் ஆழக் கிணறு இருந்து அதன் அடியைச் சுழியாக வைத்தால் ஏறக்குறைய 108 ஜூல். இரண்டும் சரி. மேசையிலிருந்து தரைக்கு விழும்போது குறைவது மட்டும் எப்படிக் கணக்கிட்டாலும் அதே 9.8 ஜூல். இயக்க ஆற்றலும் இப்படித்தான். ஓடும் ரயிலில் உங்கள் மடியிலுள்ள புத்தகத்துக்கு உங்களைப் பொறுத்தவரை அது சுழி, தண்டவாளத்தருகே நிற்பவருக்குச் சுழி அல்ல.

ஆகவே ஆற்றல் ஒரு பொருள் அல்ல. வெப்பத்தை ஒரு பாய்மம் என்றுதான் 18ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். பீரங்கிக் குழாயைக் குடையும்போது உராய்வு நடக்கும்வரை வெப்பம் வந்துகொண்டே இருப்பதை 1798இல் ரம்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் எடுத்துக்காட்டினார். உள்ளே அடைந்திருந்த பொருள் என்றால் ஒரு கட்டத்தில் தீர்ந்திருக்க வேண்டுமே. வெப்பம், வேலை, மின்னோட்டம், ஒளி எல்லாம் ஆற்றல் கைமாறும் வழிகள். மின்கலத்துக்குள் மின்சாரம் அடைத்து வைக்கப்படவில்லை. இருப்பவை வேதிப்பொருள்கள். மகளுக்கு இதை முதலில் சொல்லிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

ஒப்புக்கணக்கா என்று கேட்டீர்கள். தணிக்கையாளருக்கு வரவேண்டிய சந்தேகம்தான். சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை வெளிவிட்டு வேறு அணுக்கருவாக மாறுகின்றன, இதற்குப் பீட்டா சிதைவு என்று பெயர். அதில் வெளிவரும் எலக்ட்ரான்கள், இருக்கவேண்டிய ஆற்றலைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கொண்டிருந்தன. கணக்கு உதைத்தது. அணுக்கருவுக்குள் ஆற்றல் அழிவின்மை விதி பொருந்தாமல் போகலாம் என்று நீல்ஸ் போர் போன்ற பெரிய இயற்பியலாளரே எண்ணினார். 1930இல் இயற்பியலாளர் வொல்ஃப்கங் பவுலி, நம் கண்ணில் படாத ஒரு துகள் மிச்சத்தைக் கொண்டுபோகிறது என்றார். வெறும் கணக்கை நேர்செய்யப் போட்ட பதிவு போலத்தான் அன்று தோன்றியிருக்கும். 1956இல் கோவனும் ரைன்ஸும் அணு உலையின் அருகே நியூட்ரினோ எனப்படும் அந்தத் துகளைக் கண்டுபிடித்தார்கள். 26 ஆண்டுகள் கழித்து ஆள் அகப்பட்டுவிட்டது! ஒப்புக்கணக்குக்கு இந்த வலிமை வராது. இயற்கை விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாகவே இருப்பதிலிருந்துதான் இந்த அழிவின்மை வருகிறது என்பதை 1918இல் கணிதவியலாளர் எம்மி நோதர் கணிதமாகவே நிறுவிக்காட்டினார்.

இனி சிக்கனம். விழும் எடைகளால் துடுப்பைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறது என்று 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற இயற்பியலாளர் அளந்தார். இன்றைய மதிப்பில், ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான ஆற்றல், அதே நீரைச் சுமார் 427 மீட்டர் தூக்கப் போதும். ஆனால் வாளி நீர் தானாக ஒரு டிகிரி குளிர்ந்து மேலே எழும்பியதை யாரும் பார்த்ததில்லை. ஆற்றலின் கூட்டுத்தொகை மாறாது என்ற விதி அதைத் தடுக்கவில்லை. விழும்போது எல்லா மூலக்கூறுகளும் ஒரே திசையில் சேர்ந்து போகின்றன. விழுந்து சூடானபின் ஒவ்வொன்றும் தன் திசையில் அலைகிறது. அவை தாமாக மறுபடி ஒரே திசைக்குத் திரும்பும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். நாம் எரிக்கும் எரிபொருளின் ஆற்றல் முடிவில் சுற்றுப்புறத்தின் வெதுவெதுப்பாகப் பரவிக் கிடக்கிறது. எங்கும் ஒரே வெப்பநிலை என்றால் எந்த இயந்திரமும் அதிலிருந்து வேலை வாங்க முடியாது. தீர்ந்துபோவது இந்தப் பயன்படும் தன்மைதான். அதைத்தான் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்கிறார்கள்.

மகளோடு ஒன்று செய்து பாருங்கள். இருபுறமும் மூடிய நீண்ட குழாயில் உலர்ந்த மணலை இட்டு, ஒவ்வொரு முறையும் அது ஒரு மீட்டர் விழும்படி 100 முறை தலைகீழாகத் திருப்புங்கள். முன்னும் பின்னும் மணலின் வெப்பநிலையை அளவிடுங்கள். கணக்குப்படி ஒரு டிகிரிக்குச் சற்று மேல் ஏறவேண்டும். குழாயும் காற்றும் பங்கு எடுத்துக்கொள்வதால் குறைவாகவே காட்டும். அந்தக் குறைவு எங்கே போனது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.