ஃபுல் நைட்டும் சர்க்கரையும்

வணக்கம் சார்,

அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஸ்பின்னிங் மில் வேலை. ஒரு வாரம் டே, அடுத்த வாரம் ஹாஃப் நைட், அப்புறம் ஃபுல் நைட். வயது 41. பீடி, குடி கிடையாது. போன மாதம் சர்க்கரை என்றார்கள். வீட்டில் டீயைத்தான் திட்டுகிறார்கள். நைட் ஷிப்ட் எனக்குப் பழகிவிட்டது, அதனால் வந்திருக்காது அல்லவா? கேன்சரும் வரும் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

– ஒரு வாசகர்

நண்பருக்கு,

கண் விழிக்கப் பழகியிருப்பீர்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கிற கணையம் பழகியிருக்காது. உடம்பின் நேரத்தை நடத்தும் நரம்பணுக் கூட்டம் மூளையில் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்தே அது மணி பார்க்கும். நைட் முடிந்து மில் கேட்டைத் தாண்டியதும் முகத்தில் அடிக்கும் வெயில், பகல் தொடங்கிவிட்டது என்று அதற்குச் சொல்லிவிடுகிறது. அப்படியும் அது கொஞ்சம் நகர்ந்து கொடுப்பதற்குள் உங்களுக்கு ஷிப்ட் மாறிவிடும். காலையில் சாப்பிடும் அதே நாலு இட்லியை ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். பல வருஷம் நைட் பார்ப்பவர்களிடம் சர்க்கரையும் இதய நோயும் அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஷிப்ட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்பா, அம்மாவுக்கு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. டீயும் முழு நிரபராதி அல்ல.

கேன்சர் விஷயம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லும் 2019லும் இரவு வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்தது உண்மை. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதற்கான வகை அது. உங்களுக்கு வரும் என்று அர்த்தமில்லை.

பக்கத்து வீட்டில் தறிச் சத்தம், தலைக்கு மேல் சிமெண்ட் ஷீட், ஏப்ரல் வெயில். இதில் 'பகலில் நல்லாத் தூங்குங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னலுக்குக் கெட்டியான கறுப்புத் துணி கட்டுங்கள். முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். நடுராத்திரியில் பரோட்டா வேண்டாம், பசித்தால் கொஞ்சம் சுண்டல். கடைசி டீ ராத்திரி மூணு மணிக்குள். கண் சொக்கினால் பைக்கை மில்லிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், டாக்டரிடம் ஷிப்ட் விவரத்தைச் சொன்னீர்களா? சீட்டில் 'காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன்' என்று இருக்கும். ஃபுல் நைட் வாரத்தில் உங்களுக்குக் காலை எது, இரவு எது? சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மூணு ஷிப்டுக்கும் தனித்தனியாக நேரம் எழுதி வாங்குங்கள்.