இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்

அன்புள்ள சேருக்கு,

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் முடித்து மூன்று வருடமாகிறது. கோயில் மண்டபத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்துகிறேன், காசு வாங்குவதில்லை. போன மாதம் பிரதேச செயலகத்திலிருந்து வந்து எங்கள் டிவிசனில் சிறுவர் அபிவிருத்திக் குழு என்று ஒன்றை அமைத்து, என்னைச் செயலாளராகப் போட்டார்கள். ஒரு மணித்தியாலக் கூட்டம். பேனர் கட்டிப் படம் எடுத்தார்கள், ஆளுக்கொரு பனிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள், போய்விட்டார்கள். ஆறு வருடத்துக்கு முந்தியும் இதே பெயரில் ஒரு குழு இருந்ததாம். அதன் கொப்பி யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"குழுவும் வேணாம் ஒன்னும் வேணாம், வகுப்ப மட்டும் பாரு" என்கிறார் அம்மா. நீங்கள் எப்போதும் அரசாங்கத்தின் கதவைத் தட்டச் சொல்லி எழுதுகிறீர்கள். உண்மையைச் சொல்லுங்கள் சேர், இந்தக் குழுக்களால் பிள்ளைகளுக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள மகளுக்கு,

அம்மா சொல்வதில் பாதி சரி. வகுப்பை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். குழுவையும் விடாதீர்கள் என்பது என் கட்சி. பனிஸ் சாப்பிட்டுக் கலைகிற கூட்டங்களில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். சிலவற்றுக்குப் பேனர் கட்டியதும் நானேதான்.

நம் பக்கத்துக் குழுக்கள் செத்துப்போவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அரசாங்கம் என்பது தோட்டத்து எல்லையோடு நின்றுவிடும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க வழியில்லை என்று சபைகள் கைவிரித்தன. அந்தச் சபைக்கு நாம் வாக்குப் போடலாம், அந்தச் சபை நம் லயத்துக்குத் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டித் தராது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றைக்கும் "அது தோட்டத்து விசயம், தொரையைக் கேளுங்க" என்கிற உத்தியோகத்தர் இருக்கிறார். தோட்டத்து மனேஜரான அந்தத் தொரையிடம் போனால் "அது கவர்மெண்ட் விசயம்" என்பார். உங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் 2018 என்று பெரிதாக எழுதி வையுங்கள். தேவைப்படும்.

2016இல் எடுத்த சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3. தோட்டங்களில் 31.7. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, நம்மவரே ஒருவர் "நம்ம ஆளுங்களே கட்டைதானே சேர்" என்று சிரித்தார். வம்சத்தால் வந்த கட்டை என்று நம்மையே நம்ப வைத்துவிட்டார்கள். தாய் வயிற்றிலிருக்கும்போது சாப்பிட்டதும், பிறந்த முதல் இரண்டு வருடத்தில் பிள்ளைக்குக் கிடைத்ததும் கிடைக்காததும், அடிக்கடி வரும் வயிற்றோட்டமும் சேர்ந்து போடுகிற கணக்கு அது.

கொழுந்து மடுவத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று தரம் கொழுந்தை நிறுத்து, சாக்குக்கு இவ்வளவு ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுவார்கள். பிள்ளையை நிறுப்பது மாதத்துக்கு ஒரு தரம், கிளினிக்கில். கிளினிக் நாளும் வேலை நாளும் ஒன்றாகத்தான் வரும். போனால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. நாட்சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் அது சின்ன விசயமில்லை. ஆகவே பாட்டிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்.

ஒரு கிளினிக்கில் இப்படி ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மிஸ் பிள்ளையை நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, "பர அடுய்" என்றார். எடை குறைவு என்று சிங்களத்தில் சொன்னது. நல்ல மனுசி, குரலில் அக்கறை இருந்தது. பாட்டியும் தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அடுப்புன்னு என்னமோ சொன்னாங்களே தம்பி, அடுப்புக்கிட்ட விட வேணாம்னாங்களா?" என்று கேட்டார். அரசாங்கத்தின் அக்கறை அன்றைக்கு அந்த வாசற்படி வரைதான் வந்தது. அன்று நான் பாட்டிக்குச் சொன்ன இரண்டு வசனத்தை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், நீங்களும் சொல்லலாம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். 1973இலிருந்து கொடுத்து வருகிறார்கள், நல்ல விசயம். ஒரு பிள்ளைக்கென்று தந்த பக்கெட் வீட்டில் ஐந்து பேருக்கு உருண்டையாகிவிடுகிறது என்று குறைசொல்லும் அதிகாரிகளோடு எனக்கு எப்போதும் சண்டை. நாலு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாய்க்குக் கை வரும்? 2024 மார்ச்சிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசாங்கப் பள்ளியில் சாப்பாடு என்று ஆக்கியது எனக்குப் பிடித்ததும் அதனால்தான். நோஞ்சானைப் பொறுக்கி எடுத்து வரிசையில் நிறுத்தும் வேலை அதில் இல்லை.

இனி உங்கள் வகுப்புக்கு வருகிறேன். பள்ளி ஒன்றரைக்கு விடுகிறது. பிள்ளை ஏறி இறங்கி லயத்துக்கு வரும்போது இரண்டு. அம்மா மலையிலிருந்து வந்து, கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, வழியில் நாலு விறகும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வர ஐந்து. ஐந்து வயதுக்குக் கீழே என்றால், தாய் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. நான் வளர்ந்த காலத்துப் பிள்ளைக்காம்பரா என்றால் ஏணையும் மூத்திர நாற்றமும்தான். இன்றைக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பயிற்சி பெற்ற பொறுப்பாளர், சுவரில் படங்கள், விளையாட்டுச் சாமான். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது தொடங்கிய, இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்கிற அமைப்பு இதில் செய்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு வயதுக்காரனுக்கு அந்தக் கதவு கிடையாது. இரண்டிலிருந்து ஐந்து வரை அவன் யார் பொறுப்பு?

என் இடது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. எனக்கு ஒன்பது வயது, தங்கச்சிக்கு நாலு. அன்று காய்ச்சல் என்று அவளைப் பிள்ளைக்காம்பராவில் எடுக்கவில்லை. நான் பள்ளிவிட்டு வந்தவுடன் பசி என்று அழுதாள். மாவு பிசைந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுடப் போனேன். தட்டு சரிந்தது. நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தவர் மூன்றாம் காம்பராப் பாட்டி, வேலையிலிருந்து நின்றுவிட்டவர். மறுநாளிலிருந்து பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளெல்லாம் அவர் வீட்டு முன் இஸ்தோப்பில்தான் உட்கார வேண்டும் என்று சட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அம்மா வரும்வரை ஒருவரும் அடுப்பைத் தொடக் கூடாது. வராத பிள்ளையைத் தேடி ஆள் அனுப்புவார். படிக்கத் தெரியாதவர், ஆனால் லயத்தில் எத்தனை பிள்ளை, எது எங்கே என்று அவர் வாயில் இடாப்பு இருந்தது.

உங்கள் பின்னேர வகுப்பு செய்வதும் அதுதான், கணக்கும் தமிழும் கூடுதல். அந்த இடாப்பு நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய சாமான். "கொழும்புல நல்ல வீடு, சாப்பாடு போட்டு சம்பளமும் தருவாங்க" என்று தரகர் வந்து பேசுகிற வீடு எது என்று உத்தியோகத்தருக்குத் தெரியாது. மூன்று நாள் வராத பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். 2016இலிருந்து பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி. வேலைக்கு வைக்கும் குறைந்த வயதையும் 2021இல் பதினாறாக்கினார்கள். அதே வருடம் ஜூலையில்தான் மலையகத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலைக்கு நின்ற வீட்டில் தீக்காயப்பட்டு இறந்தாள். சட்டம் வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. செயலாளர் என்று ஒரு பெயர் இருந்தால், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுத முடியும், சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கமான 1929க்குப் பேசும்போதும் குரல் நடுங்காது. வெறும் பின்னேர வகுப்பு டீச்சர் என்றால் "உனக்கென்ன வந்தது" என்று லயத்திலேயே கேட்பார்கள். குழுவை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இளைஞர்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இளைஞர் கழகம் என்றால் பையன்களுக்கு பேட்டும் பந்தும் என்றாகிவிட்டது. பெண்பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று ஸ்கோர் எழுதுகிறார்கள். அதைப் பற்றி நீங்களே எனக்கு எழுத வேண்டும். மனம் சரியில்லாத பிள்ளைகள் யாராவது இருந்தால் 1926 என்ற இலக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பத்து விசயம் கேட்காதீர்கள். பத்தையும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்றே ஒன்று: பள்ளி நாட்களில் இரண்டிலிருந்து ஐந்து வரை, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்குள் ஓர் அறை. பிள்ளைக்காம்பராவில் இடமிருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வேறெங்காவது. ஓய்வுபெற்ற அம்மா ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு, ஒரு கோப்பைப் பால், உங்கள் வகுப்பும் அங்கேயே. தோட்டத்துக் கையெழுத்தும் வேண்டும், பிரதேச செயலகத்துக் கையெழுத்தும் வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்கார வைக்க வேறெந்த வழியும் இல்லை, இந்தக் குழுவைத் தவிர. கூட்டத்தைச் சம்பள நாளில் வைக்காதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள்.

அதற்கு முன் அந்தப் பழைய கொப்பியைத் தேடுங்கள். அந்தக் குழுவின் செயலாளர் இப்போது கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்கக்கூடும். வீட்டாரிடம் இலக்கம் வாங்கிப் பேசிப் பாருங்கள். அப்போது என்ன கேட்டிருந்தார்கள், எந்தப் பக்கத்தோடு நிறுத்தினார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.