எமினெம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க ராப் பாடகர் எமினெம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பல ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: எமினெம் எத்தகைய சூழலில் வளர்ந்தார்? அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எய்ட் மைல்' என்ற சாலையைக் குறிப்பிடுகிறார்களே, அதற்கு அப்படி என்ன முக்கியத்துவம்?

பதில்: மார்ஷல் புரூஸ் மாதர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட எமினெம், 1972ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் டெபி மகனை அழைத்துக்கொண்டு மிசௌரிக்கும் மிச்சிகனுக்கும் இடையே மாறி மாறிக் குடிபெயர்ந்துகொண்டே இருந்ததால், சிறுவன் மார்ஷலுக்கு எந்தப் பள்ளியும் நிலைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் புதுப் பையன் என்று அடி வாங்கியதுதான் மிச்சம். ஒன்பதாம் வகுப்பிலேயே மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, 17 வயதில் படிப்பை நிறுத்தினார். ஆனால் அதே காலத்தில் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு புதுச் சொற்களைத் தேடித் தேடிப் படித்தவரும் அவர்தான்.

எய்ட் மைல் சாலை டெட்ராய்ட் மாநகரின் வடக்கு எல்லை. சாலைக்குத் தெற்கே கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாநகரம். வடக்கே நீண்ட காலமாக வெள்ளையர்களின் ஆதிக்கத்தில் இருந்த புறநகர்கள். இந்தப் பிரிவினை தானாக ஏற்பட்டதன்று. வெள்ளையர்களுக்காகக் கட்டப்படவிருந்த ஒரு குடியிருப்பு, கறுப்பின மக்களின் பகுதியை ஒட்டி இருந்த காரணத்தால் அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்காமல் போனபோது, இரண்டுக்கும் நடுவே 1941இல் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு ஆறடி உயரச் சுவர் ஒன்றையே எழுப்பினார்கள். எய்ட் மைல் சாலைக்கு அருகே அது இன்றும் நிற்கிறது. எமினெம் இந்தச் சாலையின் இரு பக்கங்களிலும் வாழ்ந்தவர். கையில் பணம் இல்லாத வெள்ளைக்காரப் பையனான அவரை இரண்டு பக்கமும் முழுமையாகத் தன்னவனாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ராப் இசையை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் தாய்மாமன் ரானி. மாமன் என்றாலும், மருமகனைவிடச் சில மாதங்களே மூத்தவர். நண்பனைப் போலவே பழகியவர். 1991இல் ரானி தற்கொலை செய்துகொண்டது எமினெமைப் பல நாட்கள் முடக்கிப் போட்டது. அவரை மீண்டும் மேடைக்கு இழுத்து வந்தவர் 'புரூஃப்' என்ற பெயரில் பாடிய கறுப்பின நண்பர் டிஷான் ஹோல்டன். செவன் மைல் சாலையில் 'ஹிப் ஹாப் ஷாப்' என்று ஒரு துணிக்கடை இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே நடக்கும் ராப் வாதுகளைப் புரூஃப்தான் முன்னின்று நடத்துவார். எதிரில் நிற்பவரை அந்த நொடியில் தோன்றும் வரிகளால் மடக்க வேண்டும். கூட்டம் சிரித்தால் வெற்றி, கூச்சலிட்டால் கதை முடிந்தது. எமினெம் படித்த பள்ளிக்கூடம் என்று இந்தக் கடையைத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வெள்ளையர் என்பதால்தான் அவருக்கு இவ்வளவு புகழ் கிடைத்தது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. இதை முதலில் ஒப்புக்கொண்டவரே அவர்தான். தாம் கறுப்பராக இருந்திருந்தால் விற்பனை பாதியாகத்தான் இருந்திருக்கும் என்று 2002இல் வெளிவந்த பாடல் ஒன்றில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தத் தோல் நிறம் அவருக்குச் சாதகமாக மாறியது புகழின் வாசலைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன்பு அதுவே பெரும் சுமையாக இருந்தது. 1990இல் வெனிலா ஐஸ் என்ற வெள்ளையரின் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும், அவருடைய பின்னணி பற்றிப் பரப்பப்பட்ட விளம்பரக் கதைகள் பொய் என்று அம்பலமானதும் அடுத்தடுத்து நடந்தன. அதன் பிறகு வெள்ளையர் ஒருவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாலே கேலிதான். 1996இல் எமினெம் வெளியிட்ட முதல் ஆல்பமான 'இன்ஃபினிட்' டெட்ராய்ட் வானொலிகளில்கூட எடுபடவில்லை. கைக்குழந்தையான மகளை வைத்துக்கொண்டு, ஓர் உணவகத்தில் சமையல் வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார் அப்போது.

தோல்வியின் எரிச்சலில் பிறந்ததுதான் 'ஸ்லிம் ஷேடி' என்ற கற்பனைப் பாத்திரம். மார்ஷல் சொல்லத் துணியாததை எல்லாம் சொல்லும், வெட்கமோ இரக்கமோ இல்லாத, எதையும் நகைச்சுவையாக்கும் ஒரு போக்கிரி அவன். அந்தப் பெயரில் ஒரு குறுந்தொகுப்பை உருவாக்கினார். 1997இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த 'ராப் ஒலிம்பிக்ஸ்' போட்டியில் எமினெமுக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. எனினும் அந்தக் குறுந்தொகுப்பு இன்டர்ஸ்கோப் இசை நிறுவனத்தைச் சேர்ந்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் தலைவர் ஜிம்மி அயோவின் அதை டாக்டர் டிரேயிடம் போட்டுக் காட்டினார். மேற்குக் கடற்கரை ராப்பின் பெரிய இசையமைப்பாளரான டிரே, ஒரு வெள்ளையரை ஏற்கலாமா என்ற முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருவரும் முதல் நாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்தபோதே 'மை நேம் இஸ்' பாட்டு உருவாகிவிட்டது.

1999 பிப்ரவரியில் வெளியான 'தி ஸ்லிம் ஷேடி எல்பி' கிராமி விருது பெற்றது. அடுத்த ஆண்டு வந்த 'தி மார்ஷல் மாதர்ஸ் எல்பி' முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 17 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. டிரேயின் முத்திரை இல்லாமல் கறுப்பின ரசிகர்கள் அவரை இவ்வளவு விரைவில் நம்பியிருக்க மாட்டார்கள். வெள்ளைத் தோல் இல்லாமல் புறநகர்ப் பிள்ளைகள் இவ்வளவு எண்ணிக்கையில் வாங்கியிருக்கவும் மாட்டார்கள். இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேள்வி: பெண்களையும் தன்பால் ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்திப் பாடியவரை ஏன் கொண்டாட வேண்டும்? என் பதினாறு வயது மகன் அவருடைய பாடல்களையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பதில்: கொண்டாட வேண்டும் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் சங்கடத்தை அன்றே பலர் வெளிப்படுத்தியிருக்கிறார்கள். 2000இல், அப்போதைய துணை அதிபர் வேட்பாளர் டிக் செனியின் மனைவி லின் செனி அமெரிக்க செனட் குழுவின் முன் எமினெமின் வரிகளைக் கண்டித்துச் சாட்சியம் அளித்தார். அதற்கு முன்பே, தம் இசைத்துண்டை 'மை நேம் இஸ்' பாட்டில் பயன்படுத்த அனுமதி கேட்டு வந்தவர்களிடம், பெண்களையும் தன்பால் ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்தும் வரிகளை மாற்றினால்தான் தருவேன் என்று பிரிட்டிஷ் பாடகர் லாபி சிஃப்ரே உறுதியாக நின்றார், வரிகள் மாற்றப்பட்டன. 2001 கிராமி விழாவில், வெளியே எதிர்ப்புக் குரல் எழுந்துகொண்டிருக்க, தன்பால் ஈர்ப்பாளர் என்று தம்மை வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட எல்டன் ஜானுடன் சேர்ந்து எமினெம் 'ஸ்டான்' பாட்டைப் பாடினார். விழாவுக்காகச் செய்த சமரசம் என்று அப்போது பலர் எழுதினார்கள்; ஆனால் இருவருக்கும் இடையிலான நட்பு அதன் பின்னரும் பல ஆண்டுகள் நீடித்தது.

பேசுபவன் கற்பனைப் பாத்திரம் என்ற வாதம் சில பாடல்களுக்குப் பொருந்தும். வெறிபிடித்த ரசிகன் ஒருவன் எழுதும் கடிதங்களாகவே நகரும் 'ஸ்டான்', தன் வரிகளை ஒருவன் அப்படியே நம்பிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பாடகரே தனக்குள் கேட்டுப் பார்த்த பாட்டு. ஆனால் மனைவியின் பெயரையே வைத்து, அவரைக் கொல்வதாகக் கற்பனை செய்து பாடிய பாட்டை எந்தப் பாத்திரத்தின் பின்னாலும் ஒளித்துவைக்க முடியாது என்பதே என் கருத்து. அதுபோல, இளம் வயதில் கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்திப் பதிவுசெய்த ஒலிநாடா ஒன்றை 2003இல் 'தி சோர்ஸ்' இதழ் வெளிக்கொணர்ந்தபோது, அவர் மன்னிப்புக் கேட்டார்.

மகனிடம் பறிமுதல் நடவடிக்கையில் இறங்குவதைவிட, 'ஸ்டான்' பாட்டை அவனோடு சேர்ந்து ஒருமுறை கேட்டுவிட்டு, அதில் தவறு செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் அதற்கு நன்றாகவே பதில் சொல்வான்.

கேள்வி: பெற்ற தாயையே திட்டிப் பாடினாராமே?

பதில்: பாடினார், தாய் வழக்குத் தொடுத்தார். 1999இல் ஒரு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு டெபி தொடுத்த அவதூறு வழக்கு கடைசியில் 25,000 டாலரில் முடிந்தது. அதிலும் பெரும்பகுதி வழக்கறிஞர் கட்டணத்துக்கே போய், டெபியின் கைக்கு வந்தது சுமார் 1,600 டாலர்தான். மகனோ விடாமல் 2002இல் மேலும் கடுமையான ஒரு பாட்டை வெளியிட்டார். பதினொரு ஆண்டுகள் கழித்து 'ஹெட்லைட்ஸ்' என்ற பாட்டில் தாயிடம் மன்னிப்புக் கேட்டதோடு, பழைய பாட்டு வானொலியில் ஒலித்தால் தமக்கே கூசுகிறது என்றும், அதை இனி மேடையில் பாடுவதில்லை என்றும் சொன்னார். இப்பாட்டுக்கான காணொளியை இயக்கியவர் ஸ்பைக் லீ. தாயின் பார்வையிலிருந்தே காட்சிகள் நகரும்படி அதை அமைத்திருந்தார். 2014ஆம் ஆண்டு அன்னையர் தினத்தன்று அது வெளியானது. டெபி 2024 டிசம்பரில் காலமானார்.

கேள்வி: ஆஸ்கர் விருது பெற்றும் விழாவுக்குப் போகாதது ஏன்?

பதில்: கிடைக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை, அதுவரை எந்த ராப் பாட்டுக்கும் அந்த விருது கிடைத்ததில்லை. தாமே நடித்த '8 மைல்' படத்துக்காக எழுதிய 'லூஸ் யுவர்செல்ஃப்' 2003இல் வென்றபோது அவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தார். உடன் இசையமைத்த லூயிஸ் ரெஸ்டோ மேடையேறி விருதைப் பெற்றுக்கொண்டார். 17 ஆண்டுகள் கழித்து, 2020 விழாவில் முன்னறிவிப்பு இல்லாமல் தோன்றி எமினெம் அதே பாட்டைப் பாடியபோது அரங்கமே எழுந்து நின்றது.

கேள்வி: ராப் என்பது வேகமாகப் பேசுவதுதானே? அதில் கலை எங்கே இருக்கிறது?

பதில்: வேகம் பற்றிக் கேட்டால் கணக்குச் சொல்லலாம்: 2013இல் வந்த 'ராப் காட்' பாட்டில் 6 நிமிடம் 4 வினாடிக்குள் 1,560 சொற்கள் உள்ளன, கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அது கைதட்டலுக்கான வித்தை. எமினெமின் உண்மையான திறமை ஓசையைக் கோக்கும் விதத்தில் இருக்கிறது. சாதாரண ராப் பாடகர் அடியின் கடைசிச் சொல்லில் இயைபு வைத்ததும் நிறைவு கொள்வார். எமினெம் நான்கைந்து அசைகள் கொண்ட ஒரு முழுத் தொடருக்கு இணையாக இன்னொரு முழுத் தொடரை வைப்பார். அடியின் நடுவிலும் அதே உயிரோசையை இரண்டு மூன்று இடங்களில் மீட்டுவிட்டுத்தான் அடியை முடிப்பார்.

2010இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் இதை அவரே விளக்கினார். ஆங்கிலத்தில் 'ஆரஞ்ச்' என்ற சொல்லுக்கு இயைபுச் சொல் கிடையாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சே தமக்கு எரிச்சல் மூட்டுகிறது என்று சொன்ன எமினெம், சொல்லை இரண்டு அசையாகப் பிரித்து, உச்சரிப்பைச் சற்றே வளைத்து, 'ஃபோர் இஞ்ச்', 'டோர் ஹிஞ்ச்', 'ஸ்டோரேஜ்', 'பாரிட்ஜ்', 'ஜார்ஜ்' என்று ஒரே மூச்சில் அடுக்கிக் காட்டினார். அதே நிகழ்ச்சியில் ஒரு பெட்டியையும் திறந்தார். பெட்டி நிறையத் துண்டுத் தாள்கள், ஹோட்டல் குறிப்புத் தாள்கள். ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில், வரிசை இல்லாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொடர்கள். தோன்றுவதை எல்லாம் எழுதிப் போட்டுவைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வதைத் தோட்டா சேர்த்துவைப்பது என்று அவர் சொல்கிறார். கோபத்தில் கொட்டியது போலக் கேட்கும் வரிகள் இப்படிச் சேமித்த தாள்களிலிருந்து பொறுக்கிக் கோக்கப்பட்டவை. அவரை வெறும் கோபக்காரராகவோ, நிறத்தால் பிழைத்தவராகவோ பார்ப்பவர்கள் தவறவிடுவது இந்த உழைப்பைத்தான்.

கேள்வி: புகழின் உச்சியில் இருந்தவர் 2005க்குப் பிறகு சில ஆண்டுகள் காணாமல் போனது ஏன்?

பதில்: மாத்திரைகள். தூக்க மாத்திரை, வலி நிவாரணி, பதற்றம் தணிக்கும் மாத்திரை என்று பழக்கம் முற்றி, 2005இல் ஐரோப்பியப் பயணத்தை ரத்து செய்துவிட்டுச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். மீண்டு வரும் முன்பே, 2006 ஏப்ரலில் புரூஃப் டெட்ராய்டின் ஒரு கேளிக்கை விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதி இருந்ததும் எய்ட் மைல் சாலையில்தான். அதன் பிறகு பழக்கம் கட்டுக்கடங்காமல் போய், 2007 டிசம்பரில் மெதடோன் என்ற வலி நிவாரணியை அளவுக்கு மீறி உட்கொண்டு மரணத்தின் விளிம்பு வரை சென்று திரும்பினார்.

2008 ஏப்ரல் 20 முதல் போதையைத் தொடவில்லை. ஆனால் மூளை பழைய நிலைக்குத் திரும்ப வெகுகாலம் பிடித்தது. ராப் பாடுவதையே மறுபடியும் கற்க வேண்டியிருந்தது என்று அவரே கூறியிருக்கிறார். உறக்கம் வராத தவிப்பைப் போக்க ஓட்டப் பொறியில் நாளொன்றுக்கு 17 மைல் வரை ஓடியிருக்கிறார். ஒரு பழக்கத்தை விட்டவர் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். 2010இல் வந்த 'ரிக்கவரி', அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பமாக அமைந்தது.

கேள்வி: எமினெமை இதுவரை கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 2002இல் வந்த 'தி எமினெம் ஷோ' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள், கோபமும் நகைச்சுவையும் குடும்பக் கதையும் அளவோடு கலந்திருப்பது அதில்தான். பிறகு 'ஸ்டான்', 'லூஸ் யுவர்செல்ஃப்' என்ற இரண்டையும் பாடல் வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். இல்லாவிட்டால் பாதி ஓசை காதில் விழாமலே போய்விடும். 'மார்ஷல் மாதர்ஸ் எல்பி' அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் என்றாலும், கடுமையான வரிகள் நிறைந்தது என்பதால் மூன்றாவதாக வைத்துக்கொள்வது நல்லது. 2004இல் வந்த 'என்கோர்' ஆல்பத்தை விட்டுவிட்டாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். கெட்ட வார்த்தைகள் நீக்கப்பட்ட பதிப்புகளும் கிடைக்கின்றன. ஆனால் சில பாடல்களில் நீக்கியது போக எஞ்சுவது தாளம் மட்டும்தான்.