எஸ் வளைவுக்குப் பதில் படிக்கட்டு வருவது ஏன்

வணக்கம். மங்கலான ஒளியைக் கண் உணர்வதைப் பைத்தானில் உருவகப்படுத்தினால், 'தெரிந்தது' என்ற விடை ஓர் அளவில் சட்டென்று 0-இலிருந்து 1-க்குத் தாவுகிறது, எஸ் வடிவ வளைவு வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

ஒவ்வொரு ஒளித்துடிப்பிலும் ஒரே எண்ணிக்கையில் ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) அனுப்புகிறீர்கள், சிக்கல் அங்கேதான். உண்மையான ஒளியில் சராசரி 6 என்றால் ஒருமுறை 3 வரும், இன்னொருமுறை 10 வரும். சராசரியைச் சுற்றி எண்ணிக்கை இப்படித் தற்செயலாக ஏறி இறங்குவதைச் சொல்வதுதான் பாய்சான் பரவல். ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1942-இல் வெளியிட்ட சோதனையின் அழகே இதுதான்: பார்ப்பவரின் தடுமாற்றத்தில் பெரும்பங்கு ஒளியிலேயே இருக்கிறது! கருவிழிக்கு வந்தவை 54 முதல் 148 ஃபோட்டான்கள்; விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் குச்சி செல்கள் உறிஞ்சியவை வெறும் 5 முதல் 14.

அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆகவே கருவிழிக்கு வரும் எண்ணிக்கையை 0.1-ஆல் பெருக்கி, அதைச் சராசரியாகக் கொண்டு பாய்சான் எண்களை எடுங்கள். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் 'தெரிந்தது'. ஒவ்வோர் ஒளி அளவுக்கும் ஆயிரம் முறை ஓட்டி, கிடை அச்சை மடக்கை அளவில் வரையுங்கள். வளைவு வந்துவிடும்.

அப்புறம், குச்சி செல்களில் ஒளியை உறிஞ்சும் நிறமியான ரோடாப்சின் இருட்டிலும் வெப்பத்தால் எப்போதாவது தூண்டப்படும். அந்த இரைச்சலுக்கும் ஒரு சிறு சராசரியைக் கூட்டிவிட்டு, 6 என்ற வரம்பை 1 ஆக்கிப் பாருங்கள். விளக்கே எரியாதபோதும் 'தெரிந்தது' என்று வரும்.