மன்றத்துப் பணம் நாடகத்துக்கா, சோலார் பேனலுக்கா?

கேள்வி: எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. மாடியில் சோலார் பேனல் போட்டு, வாசலில் மின்சார கார்களுக்கு சார்ஜிங் வசதி செய்யலாம் என்பது மூத்த உறுப்பினர்களின் யோசனை. இளைஞர்கள் சிலரோ, பகுதி மக்களே நடிக்கும் வட்டார நாடகக் குழு தொடங்க அந்தப் பணத்தைக் கேட்கிறார்கள். நவம்பர் வந்தால் காற்று மாசில் மூச்சுவிட முடியாத ஊரில் நாடகத்துக்குச் செலவழிப்பது பொறுப்பான செயலா?
(மன்ற உறுப்பினர் ஒருவர், மயூர் விஹார், டில்லி)

பதில்: பொறுப்பான செயல்தான். மாடியில் பேனல் போடுவதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வி ஒன்றை வேலை என்றும் மற்றதை வேடிக்கை என்றும் முதலிலேயே பிரித்துவிடுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சுத்தமான எரிபொருளுக்கு மாற டில்லிக்குத் தெரியாமல் இல்லை. நகர பஸ்கள் அனைத்தும் டீசலை விட்டு சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு 2001 மார்ச். ஏகப்பட்ட இழுபறிக்குப் பிறகு 2002 முடிவதற்குள் மாறிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் ஷாஹ்தராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே முதல் மெட்ரோ ஓடியது. பதர்பூர் அனல்மின் நிலையத்தை 2018 அக்டோபரில் மூடினார்கள். மெட்ரோ ரயிலுக்கு 2019 முதல் மத்தியப் பிரதேசத்தின் ரீவா சூரிய மின் பூங்காவிலிருந்தும் மின்சாரம் வருகிறது. 2022 ஜனவரியில் அரசு பஸ்களில் முதல் மின்சார பஸ் தெருவுக்கு வந்தது. இவ்வளவும் செய்த ஊரால், ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு பஸ் தடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008இல் திறக்கப்பட்ட தடம் அது. சாலையின் நடுவில் பஸ்ஸுக்குத் தனி வழி, ஓரத்தில் சைக்கிளுக்குத் தனி வழி. பஸ்கள் வேகமாகப் போயின. மிச்ச இடத்தில் கார்கள் தேங்கி நின்றன. காரில் இருந்தவர்களின் கோபம் நாளிதழ்களில் வந்தது, தொலைக்காட்சியில் வந்தது, வழக்காகி உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 அக்டோபரில் நீதிமன்றம், தடம் இருக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. அப்படியும் 2016இல் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. நடுச்சாலை நிறுத்தத்துக்குப் போக வேண்டுமானால் வண்டிகளுக்குக் குறுக்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அவற்றைத் திருத்தியிருக்கலாம். நீதிமன்றமே துணை நின்ற ஒரு காரியம் தோற்றுப்போனது, அதனால் பயன் பெற்றவர்களின் பேச்சு எங்குமே கேட்காததால்தான் என்பது என் உறுதியான கருத்து. நாலு வீட்டு வேலை முடித்து, அந்தத் தடத்துப் பஸ்ஸில் ஏறி, பிள்ளைகள் தூங்குவதற்குள் வீடு சேர்ந்த பெண்ணை எந்தத் தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தார்கள்?

அவளுடைய வழக்கைப் பேசும் இடம்தான் வட்டார நாடகம். இது என் கற்பனை அல்ல; டில்லியின் வரலாற்றிலேயே இருக்கிறது. டில்லியை ஒட்டிய காஜியாபாத்தில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கேட்டவை இரண்டே இரண்டு: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், டீ குடிக்க உருப்படியான ஒரு கேன்டீன். ஆலைக் காவலாளிகள் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு 1978இல் டில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் என்ற நாடகக் குழு போட்டதுதான் ‘மெஷீன்’ என்ற தெரு நாடகம். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு டில்லியில் பஸ் கட்டணம் உயர்ந்தபோது, அதையே பொருளாக்கி அவர்கள் இன்னொரு நாடகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். சைக்கிள் நிறுத்தமும் பஸ் டிக்கெட்டும்! நகரப் போக்குவரத்தைப் பற்றிக் கருத்தரங்குகளில் இன்று பேசுவதை அன்றே தெருமுனையில் நின்று பேசியிருக்கிறார்கள். அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் தேதி காஜியாபாத் பக்கத்து ஜண்டாபூரில் நடித்துக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். நான்காம் தேதி அவர் மனைவியும் தோழர்களும் அதே இடத்துக்குப் போய் அரைகுறையில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். நாடகத்தை வேடிக்கை என்று சொல்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

டில்லித் தமிழர்களுக்கும் நாடகம் புதிதல்ல. இந்திரா பார்த்தசாரதி இங்கே பேராசிரியராக இருந்தபடியேதான் நாடகங்கள் எழுதினார். ஆனால் நம் அரங்குகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்த அலுவலகக் குடும்பங்கள். இதே ஊரின் இன்னொரு தமிழர் கூட்டம் அந்த நாற்காலிகளுக்கு வந்து சேரவில்லை. நாமும் அவர்களிடம் போகவில்லை.

அவர்கள் யார் என்பதற்கு ஜங்புராவின் மதராஸி கேம்ப் ஒன்றே போதும். பாராபுலா வடிகால் ஓரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருந்த குடியிருப்பு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் முதல் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அந்த மாற்று வீடுகள் இருப்பதோ டில்லியின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். கேம்ப்பிலிருந்து பெண்கள் ஜங்புரா வீடுகளுக்கு நடந்தே வேலைக்குப் போனவர்கள். புகை இல்லை, பெட்ரோல் இல்லை, டிக்கெட் இல்லை. இதைவிடச் சுத்தமான போக்குவரத்து எந்த ஊரில் இருக்கிறது? இன்று அதே வேலைக்கு வர வேண்டுமானால் விடிவதற்கு முன்பே கிளம்பி, பஸ் மாறி, மெட்ரோ மாறி வர வேண்டும். வடிகால் கரையில் குடியிருப்பது மழைக்காலத்தில் வெள்ளம் வடிய இடைஞ்சல் என்பது நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட காரணம். இருக்கட்டும். நடந்து போகும் தூரத்தில் இருந்த வேலையையும் சேர்த்தல்லவா அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டோம்? வீட்டையும் வேலையையும் இப்படிப் பிரித்து வைத்துவிட்டு எத்தனை மின்சார பஸ் வாங்கினாலும் போதாது. நகரத்தைப் பற்றி இந்த உண்மையைச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் அந்தப் பெண்கள்தான்.

கிழக்கு டில்லியில் ஒரு பள்ளி முற்றத்தில் அண்மையில் ஒரு நாடகம் பார்த்தேன். பெயர்கூட வைத்துக்கொள்ளாத குழு. பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டதும் அது பஸ் ஆகிவிட்டது. நிறுத்தத்தில் நான்கு பெண்கள். ஓட்டுநராக நடித்த பையன் அவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறான். இந்த ஊரில் பெண்களுக்கு 2019 அக்டோபரில் இலவசப் பயணம் வந்ததிலிருந்து எழும் புகார்தான் அது. தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். கையிலிருந்த துணிப்பையை ஓங்கியபடி நேரே அந்தப் பையனிடம் போனார். நேற்றும் தனக்கு இதுதான் நடந்தது என்றார். நாடகம் அங்கேயே நின்றது. நடிகர்கள் ஒதுங்கி இடம்விட்டார்கள். எந்தத் தடம், எந்த நிறுத்தம், எத்தனை மணி என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லச் சொல்ல, குழுவிலிருந்த ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். மறுவாரம் அது மனுவாக டெப்போவுக்குப் போனது. நானும் கையெழுத்துப் போட்டேன். இதை எந்த பேனல் செய்யும், சொல்லுங்கள்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். நாடகக் குழுவுக்கு அதிகம் தேவைப்படாது. ஒத்திகைக்கு உங்கள் மன்றத்துக் கூடத்தைக் கொடுங்கள். போய்வரும் செலவும் வயிற்றுக்குச் சோறும் கொடுங்கள். நரேலாவிலிருந்து வருகிறவர்களுக்கு இழக்கும் நாள் கூலியைக் கட்டாயம் கொடுங்கள். அது இல்லாமல் அவர்கள் வர முடியாது. எழுதுவதை அவர்களிடமே விடுங்கள். கேம்ப்களில் வளர்ந்த பிள்ளைகளின் தமிழில் ஹிந்தி கலந்திருக்கும், திருத்தப் போகாதீர்கள். மன்றத்தின் ஆண்டு விழாவில் தலைவர் உரைக்கும் பரிசளிப்புக்கும் நடுவே அதைச் செருகாதீர்கள். முதல் ஆட்டம் நரேலாவில், அந்த அடுக்கு வீடுகளின் வாசலில் நடக்கட்டும். இரண்டாவதை ஜங்புராவில் வைத்துக்கொண்டு, அவர்கள் வேலை பார்த்த வீட்டுக்காரர்களையும் அழையுங்கள்.

மிச்சப் பணத்தில் பேனல் போடுங்கள். ஆனால் சார்ஜிங் வசதியை உறுப்பினர்களின் காருக்கென்று மட்டும் வைத்துவிடாதீர்கள். மின்சார கார் புகை விடாது, உண்மை. ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு போனாலும் பெட்ரோல் கார் அடைக்கும் அதே இடத்தைச் சாலையில் அடைக்கும். டயர் தேய்ந்து பறக்கும் தூசியும் குறையாது. மெட்ரோ நிலையத்துக்கும் வீடுகளுக்கும் இடையே நாள் முழுக்க ஆட்களை ஏற்றி இறக்கும் இ-ரிக்‌ஷாக்காரர்களுக்கு முதலிடம் கொடுங்கள். அவர்களில் எத்தனையோ பேர் பத்திரமான இணைப்பு கிடைக்காமல், ஆபத்தான ஒயர்களில் பேட்டரியை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறார்கள்.

பொதுக்குழுவில் இதை நீங்களே முன்மொழியுங்கள். மூத்தவர்கள் மறுத்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் பதில் எழுதினால் அடுத்த இதழில் ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறேன். நரேலா ஆட்டத்துக்குத் தேதி குறித்ததும் தெரிவியுங்கள். அறிவிப்பை இலவசமாகப் போடுகிறோம், நானும் வருகிறேன்.