பையனுக்கு வரலாறு வரிசை குழம்பினா கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க

எட்டாவது படிக்கிற பையனுக்கு விஜயநகரம், மராட்டியர், வெள்ளைக்காரன் எல்லாம் முன்ன பின்ன மாறிப்போகுதுன்னு கேட்டிருந்தீங்க. காட்பாடியில இருந்துக்கிட்டு புத்தகத்தை மட்டும் ஏன் கட்டி அழறீங்க சார்? ஞாயித்துக்கிழமை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூணைக் காட்டுங்க. அதுதான் விஜயநகரம், 16ஆம் நூற்றாண்டு. அப்புறம் பிஜாப்பூர், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், கடைசியா வெள்ளைக்காரன்னு கோட்டை கை மாறிச்சு; நடந்துக்கிட்டே சொல்லிடலாம்.

1806 ஜூலை 10-க்கு வந்ததும் உக்காந்துடுங்க. அதுக்கு முன்னாடியே வெள்ளைக்கார அதிகாரிங்க தங்கள் படையில இருந்த இந்தியச் சிப்பாய்ங்ககிட்ட, நெத்தியில குறி கூடாது, தாடியை மழி, தோல் பட்டை வெச்ச தலைப்பாகையைக் கட்டுன்னாங்க. அன்னிக்கு விடியறதுக்குள்ள சிப்பாய்ங்க கிளர்ந்து எழுந்துட்டாங்க. ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோட வந்து அன்னிக்கே அடக்கினார். 1857 பெரிய சிப்பாய்க் கலகத்துக்கு 51 வருஷம் முன்னாடி! மைசூர் திப்பு சுல்தானோட பிள்ளைங்களை வெச்சிருந்ததும் இதே கோட்டையிலதான்.