கைதட்டியவர்களே முதுகைத் திருப்பியது ஏன்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் பதினான்கு வருடமாக இருக்கிறோம். என் மகனுக்குப் பதினொரு வயது, பேஸ்பால் என்றால் உயிர். 2024-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஹுவான் சோட்டோ ஆடியபோது 22-ம் எண் போட்ட சட்டை வாங்கித் தந்தோம். ராத்திரி தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டான். அந்த வருடக் கடைசியில் சோட்டோ அதே நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போய்விட்டார். 2025 மே மாதம் யாங்கீ ஸ்டேடியத்தில் இரண்டு அணிகளும் மோதியபோது என் மகன் அதே சட்டையோடு வந்தான். சோட்டோ மட்டை பிடிக்க வந்ததும் மைதானமே ஊளையிட்டது. பின்வரிசையில் இருந்த ஒருவர், சட்டையைக் கழற்றும்படி என் பையனிடமே கத்தினார். வீட்டுக்கு வந்து அழுதான். ஏழு மாதத்துக்கு முன்னால் இதே ஆட்கள்தானே சோட்டோவைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? இவ்வளவு நன்றி கெட்டவர்களா? யாங்கீஸின் பழைய ஆட்டக்காரர் டெரெக் ஜீட்டரை மட்டும் இன்னும் சாமி மாதிரி கும்பிடுகிறார்களே, அது எப்படி? பையனுக்கு என்ன சொல்வது?
– ஒரு அம்மா, எடிசன்

பதில்: அந்தப் பின்வரிசைக்காரர் செய்தது தப்பு. இதில் இரண்டு பேச்சே கிடையாது. கோடிகளில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரைப் பார்த்துக் கத்துவது வேறு, பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கத்துவது வேறு. இதைப் பையனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். சட்டை போட்டுக்கொண்டு போனதில் அவன் பக்கம் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அன்றைக்கு ஊளையிட்ட அத்தனை பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்களோடு நானும் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன்.

யாங்கீ ஸ்டேடியத்தில் ரைட் ஃபீல்ட் பக்கம், அதாவது களத்தின் வலது ஓரத்துக்குப் பின்னால், முதுகு சாயக்கூட வழியில்லாத பெஞ்சு வரிசைகள் இருக்கின்றன. அங்கே உட்காருபவர்கள் முதல் இன்னிங்ஸ் தொடங்கியதும் ஒரு வேலை செய்வார்கள். ரோல் கால் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல. களத்தில் நிற்கும் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கையை அசைக்கும்வரை விட மாட்டார்கள், அசைத்ததும் அடுத்த பெயர். 2024-ல் சோட்டோ அவர்களுக்கு நேர் முன்னால், ரைட் ஃபீல்டில் நின்றார். அவர் கையை அசைத்ததோடு விடவில்லை, தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார். அந்த பெஞ்சுகளில் இருந்தவர்கள் உருகிப்போனார்கள். அப்புறம் அக்டோபரில், கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலிக்கு வெளியே போகும் அடி) 2009-க்குப் பிறகு முதல் முறையாக யாங்கீஸை உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனது. டிசம்பரில் அவர் மெட்ஸுக்குப் போனார். 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர். மே மாதம் திரும்பி வந்து அதே ரைட் ஃபீல்டில் நின்றபோது, அந்த வரிசைக்காரர்கள் அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

யாங்கீஸ் பேசிய தொகையும் ஏறக்குறைய அதே அளவு, 76 கோடி என்று அப்போது செய்திகளில் வந்தது. எனவே, பணத்துக்காகப் போனார் என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளவும் முடியவில்லை. இரண்டு வீடும் கிட்டத்தட்ட ஒரே சீர் வைக்கின்றன, அவர் பக்கத்து வீட்டைப் பிடித்திருக்கிறது என்கிறார். யாங்கீஸ் இருக்கும் பிராங்க்ஸிலிருந்து மெட்ஸ் இருக்கும் குவீன்ஸ் எவ்வளவு தூரம்? பாலம் தாண்டினால் வந்துவிடும். எங்கோ கலிஃபோர்னியாவுக்குப் போயிருந்தால் பாதி வலிகூட இருந்திருக்காது.

ரசிகனுக்கு வேண்டியது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நாம் அவரை விரும்புவது போல அவரும் நம்மை விரும்புகிறார் என்று நம்ப வேண்டும். திறமை, பணம், கோப்பை எல்லாம் அதற்குப் பின்னால்தான். நீங்கள் கேட்ட ஜீட்டர் கதையிலேயே இது தெரியும்.

2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியோடு 10 வருடத்துக்கு 25.2 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். நாடே வாயைப் பிளந்தது. பேராசைக்காரன் என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அதே குளிர்காலத்தில், இரண்டு மாதம் கழித்து, ஜீட்டர் யாங்கீஸோடு 10 வருடத்துக்கு 18.9 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அதுவும் மலைக்க வைக்கிற பணம்தான். ஒருவரும் அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லவில்லை. ஏனென்றால் ஜீட்டர் இந்த வீட்டுப் பிள்ளை. 1992-ல் பள்ளிக்கூடம் முடித்த கையோடு யாங்கீஸ் எடுத்து வளர்த்த பையன். சிறுவயதிலேயே யாங்கீஸ் ரசிகர். 1996-லிருந்து 2000-க்குள் நான்கு உலகத் தொடர் ஜெயித்தாயிற்று.

2004-ல் ரோட்ரிகஸும் யாங்கீஸுக்கு வந்து சேர்ந்தார். அவரும் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர்), ஜீட்டரும் ஷார்ட்ஸ்டாப். அந்த இடத்தில் ரோட்ரிகஸ்தான் கெட்டிக்காரர் என்று விவரம் தெரிந்த பலர் சொன்னார்கள். ஆனாலும் இடத்தை விட்டுக்கொடுத்து மூன்றாம் பேஸுக்குப் போனவர் ரோட்ரிகஸ். இதற்காகவாவது அவரைக் கொண்டாடியிருக்க வேண்டாமா? இல்லை.

2006 கோடையில் பழைய யாங்கீ ஸ்டேடியத்தின் மேல்தளத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஸ்கோர் புத்தகம், காதில் சொருகிய பென்சில். யாராவது ஸ்டிரைக் அவுட் ஆனால், அதாவது மூன்று ஸ்டிரைக் வாங்கி வெளியேறினால், கட்டத்துக்குள் 'கே' என்று ஓர் எழுத்துப் போட வேண்டும். ஜீட்டர் அவுட் ஆனபோது சின்னதாக எழுதிவிட்டு, சரி, அடுத்த தடவை பார்க்கலாம் என்பது போலத் தலையை ஆட்டினார். ரோட்ரிகஸ் அவுட் ஆனபோது தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். பென்சில் முனையே உடைந்துவிட்டது. ரோட்ரிகஸ் அதற்கு முந்தைய வருடம்தான் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர், அந்த விருது ஜீட்டருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த 2006-லும் ரோட்ரிகஸ் 35 ஹோம் ரன் அடித்தார். இத்தனை கோபம் ஏன் என்று பெரியவரிடம் கேட்டேன். ஜீட்டர் ஆட்டத்தை ஜெயிக்கப் பார்க்கிறான், இவன் நம்மிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

அது நியாயமான தீர்ப்பா? அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அடுத்த வருடம், உலகத் தொடரின் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ரோட்ரிகஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறுகிறார் என்று செய்தி வந்தது. களத்தில் வேறு இரண்டு அணிகள் கோப்பைக்காக ஆடிக்கொண்டிருந்தன. அப்போது பெரியவரின் பென்சில் ஞாபகம் வந்தது. கடைசியில் இன்னும் பெரிய ஒப்பந்தத்தோடு யாங்கீஸுக்கே திரும்பினார். 2009-ல், டெக்சஸில் இருந்த வருடங்களில் ஊக்கமருந்து எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். இனி இவர் கதை முடிந்தது என்று நினைத்தோம். அதே அக்டோபரில் ஆறு ஹோம் ரன் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தபோது அதே மைதானம் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. நானும் கத்தினேன், தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு.

இது இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. 1950-களில் தங்கள் நட்சத்திரம் மிக்கி மேண்டிலைப் பார்த்தே யாங்கீஸ் ரசிகர்கள் ஊளையிட்டிருக்கிறார்கள். முந்தைய நட்சத்திரம் ஜோ டிமாஜியோ நின்ற இடத்தில் இவன் யார் என்ற எரிச்சல். 1961-ல் மேண்டிலும் அதே அணியின் ரோஜர் மாரிஸும், பழைய யாங்கீஸ் ஜாம்பவான் பேப் ரூத் ஒரே சீசனில் அடித்த 60 ஹோம் ரன்னைத் துரத்தினார்கள். மாரிஸ் கான்சாஸ் சிட்டி அணியிலிருந்து வந்து இரண்டாவது வருடம். உடனே மேண்டில் சொந்தப் பிள்ளை ஆகிவிட்டார், மாரிஸ் வந்தேறி. அழுத்தம் தாங்காமல் மாரிஸுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவர் 61-வது ஹோம் ரன் அடித்த நாளில் அந்தப் பெரிய மைதானத்துக்கு வந்திருந்தவர்கள் 23,154 பேர். பாதிகூட நிறையவில்லை. மேண்டில் என்ன மாறிவிட்டார்? அதே ஆள்தான். பக்கத்தில் வேறொருவர் வந்து நின்றார், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரூத் தன் வாழ்நாளில் அடித்த மொத்த ஹோம் ரன் எண்ணிக்கையான 714-ஐ நெருங்கியபோது ஹாங்க் ஆரனுக்கு மூட்டை மூட்டையாக வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் வந்தன. ஒரு கறுப்பர் அந்தச் சாதனையைத் தாண்டுவதா என்ற வெறி அது. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் அவர் தாண்டினார். அதை ரசிகர்களின் மனக்கசப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மைதானத்தில் எப்போதாவது ஒருவருடைய நிறத்தையோ நாட்டையோ வைத்துக் கத்துவது பையன் காதில் விழுந்தால், அது வேறு விஷயம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

விசுவாசம் என்ற சொல்லையும் பையனோடு உட்கார்ந்து பேசுங்கள். முன்காலத்தில் ஆட்டக்காரர்கள் ஒரே அணியில் கிடந்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். கிடந்தார்கள்தான், போக வழியில்லை. அணி விற்றால் போக வேண்டும், விற்காவிட்டால் இருக்க வேண்டும். 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி தன்னை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியபோது கர்ட் ஃபிளட் என்ற ஆட்டக்காரர் மாட்டேன் என்று சொல்லி வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையே அந்த வழக்கோடு முடிந்தது. அவர் திறக்கப் பார்த்த கதவு 1975 டிசம்பரில், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் ஒரு நடுவரின் தீர்ப்பில்தான் திறந்தது. இப்போது சோட்டோவைப் பாருங்கள். 2019-ல் வாஷிங்டனுக்கு உலகத் தொடர் ஜெயித்துத் தந்தவர். 2022-ல் வாஷிங்டன் அவரை சான் டியேகோவுக்கு அனுப்பியது. 2023 டிசம்பரில் சான் டியேகோ அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. இரண்டு முறையும் அந்த அணிகளைத் துரோகி என்று சொல்லி யாரும் முதுகைக் காட்டவில்லை. பெரிய லீகுக்கு வந்த பிறகு தன் ஊரைத் தானே தேர்ந்தெடுக்க அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு 2024 டிசம்பர்தான். இதைக் கேட்டால் உங்கள் பையன் நிமிர்ந்து உட்காருவான் என்று நினைக்கிறேன். அவனைப் பார்த்துக் கத்தியவர் இதை யோசித்திருக்க மாட்டார்.

சட்டை விஷயத்தை அவன் முடிவுக்கே விடுங்கள். ஒளித்து வைக்கவும் வேண்டாம், பிடிவாதமாகப் போட்டுப் போகச் சொல்லவும் வேண்டாம். யாங்கீஸ் ஆட்டக்காரர்களின் சட்டையில் பெயர் எழுதும் வழக்கமே இல்லை, முதுகில் எண் மட்டும்தான். சில வருடம் கழித்து அது அவனுக்கு வெறும் 22 ஆகிவிடலாம், அல்லது அந்த அக்டோபராகவே இருந்துவிடலாம்.

அடுத்த முறை போகும்போது கொஞ்சம் சீக்கிரம் கிளம்புங்கள். முதல் பந்து வீசுவதற்கு முன்னால் ரைட் ஃபீல்ட் பக்கம் உட்கார்ந்துவிட வேண்டும். ரோல் கால் தொடங்கியதும் பையனும் சேர்ந்து கூப்பிடட்டும். கூப்பிட்ட பெயருக்கு ஒருவர் களத்திலிருந்து திரும்பிக் கையை அசைக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.